வானலை கேட்கும் கருவி: வாங்குமுன் அறிய வேண்டியவை

தோட்டப்புற மக்களுக்கு வானொலி புதிய பொருளன்று. விடியற்காலையில் பிரட்டுக்குப் புறப்படும் வேளையிலும், பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பிய பிற்பகலிலும் வானொலி நெடுங்காலமாக நமக்குத் துணையாக இருந்து வந்துள்ளது. ஆயினும் நிலையங்கள் ஒலிபரப்பும் செய்தியையும் பாடலையும் கேட்பது வானொலியின் ஒரு பகுதியே ஆகும். வானலைகளில் வேறு பல ஒலிகளும் நடமாடுகின்றன. அவற்றைத் தேடிப் பிடித்துக் கேட்பதை உலகெங்கும் பலர் ஓய்வுநேரப் பொழுதுபோக்காகக் கொண்டுள்ளனர். அதற்கென்றே செய்யப்பட்ட கருவி 'ஸ்கேனர்' எனப்படுகிறது. இதனை நாம் அலைதேடும் வானொலி என்று அழைக்கலாம்.

இணையக் கடைகளில் 'டிஜிட்டல் ஸ்கேனர்' என்ற பெயரில் கவர்ச்சியான கருவிகள் பல விற்கப்படுகின்றன. இவற்றின் விலை சிறிதன்று. எடுத்துக்காட்டாக, அமெரிக்கச் சந்தைக்கென 2018ஆம் ஆண்டில் வெளிவந்த யூனிடன் எஸ்.டி.எஸ். 100 என்னும் கருவியின் விலை ஏறத்தாழ 700 அமெரிக்க டாலராக இருந்தது. நம் நாட்டில் 2025ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச மாத ஊதியமோ 1,700 வெள்ளி. ஆகவே, ஒரு மாத உழைப்பின் பலனைக் காட்டிலும் அதிகமான பணத்தை இக்கருவிக்குச் செலவிட நேரிடும். அவ்வாறு வாங்கிய பின்னர் அது வாய் திறவாமல் மேசைமீது கிடக்குமானால் அந்த இழப்பைத் தாங்குவது நம் குடும்பந்தான். எனவே கருவியைத் தேடுமுன், நாம் வாழும் இடத்தில் கேட்பதற்கு என்ன இருக்கிறது, அவற்றுள் எதைக் கேட்க நமக்கு உரிமையுண்டு என்பவற்றை முதலில் தேடியறிய வேண்டும். இக்கட்டுரையின் நோக்கமும் அதுவே.

அலைதேடும் வானொலி எவ்வாறு இயங்குகிறது?

சாதாரண வானொலிப் பெட்டியில் ஒரு நிலையத்தை நாமே திருப்பி வைத்துக் கேட்கிறோம். அலைதேடும் வானொலி அப்படிப்பட்டதன்று. அதன் நினைவகத்தில் பல அலைவரிசைகளை முன்னதாகவே பதிந்து வைக்கிறோம். கருவி அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக மிக விரைவில் தட்டிப் பார்த்துக்கொண்டே செல்லும். ஒலி எதுவும் இல்லாத இடத்தில் நில்லாது. யாரேனும் பேசும் அலைவரிசையை அடைந்ததும் நின்று அதனை ஒலிக்கும். பேச்சு முடிந்ததும் மீண்டும் ஓடத் தொடங்கும். வெறும் இரைச்சலுக்கும் உண்மையான அலைக்கும் வேறுபாடு கண்டு, இரைச்சலை அடக்கி வைக்கும் பகுதிக்கு 'ஸ்குவெல்ச்' என்று பெயர். இதனைச் சரியாகத் திருப்பி வைக்காவிட்டால் கருவி இரைச்சலிலேயே நின்றுவிடும். அல்லது மெலிந்த ஒலிகளைக் கேட்காமல் தாண்டிச் சென்றுவிடும்.

தொடக்கக் காலக் கருவிகளில் ஒவ்வோர் அலைவரிசைக்கும் ஒரு படிகத் துண்டை வாங்கிப் பொருத்த வேண்டியிருந்தது. ஒவ்வொரு பூட்டுக்கும் தனித்தனிச் சாவி வைத்திருப்பதைப் போன்ற முறை அது. பின்னர் எண்களை அழுத்தி அலைவரிசையைப் பதியும் முறை வந்தது. இன்றைய கருவிகள் ஆயிரக்கணக்கான அலைவரிசைகளை நினைவில் வைக்கின்றன. ஆயினும் பதிவதற்கு உரிய அலைவரிசைகள் நம் பகுதியில் இல்லையென்றால் அத்தனை பெரிய நினைவகத்தால் பயனொன்றுமில்லை.

'டிஜிட்டல்' என்பதன் பொருள்

பழைய முறையில், பேசுவோரின் குரல் அலையாகவே வானில் செல்லும். எந்த நிறுவனம் செய்த கருவியும் அதனைப் பிடித்து ஒலிக்கும். டிஜிட்டல் முறையில் குரலானது முதலில் எண்களாக மாற்றப்பட்டு, சுருக்கப்பட்டு அனுப்பப்படுகிறது. பெறும் கருவி அவ்வெண்களை மறுபடியும் குரலாக மாற்றித் தருகிறது. இம்மாற்றத்தைச் செய்வதற்குப் பல முறைகள் உள்ளன. வட அமெரிக்காவில் காவல், தீயணைப்புத் துறைகள் பெரிதும் பயன்படுத்துவது பி-25 என்னும் முறை. ஐரோப்பாவில் தோன்றி, மலேசியா உட்படப் பல நாடுகளில் வழங்கி வருவது டெட்ரா. நிறுவனங்களும் தொழிற்சாலைகளும் டி.எம்.ஆர். முறையை நாடுகின்றன. அமெச்சூர் வானொலியாளர்களிடையே டி.எம்.ஆர். முறையோடு, ஜப்பானில் உருவான டி-ஸ்டார், சிஸ்டம் ஃபியூஷன் ஆகிய முறைகளும் உள்ளன.

இவற்றைப் பல மொழிகளில் எழுதப்பட்ட கடிதங்களுக்கு ஒப்பிடலாம். கடிதம் கைக்கு வந்து சேர்ந்தாலும், அம்மொழியை அறியாதவருக்கு அதனால் பயனில்லை. அதுபோன்றே, பி-25 மட்டும் அறிந்த கருவி டி.எம்.ஆர். பேச்சைப் பிடித்தாலும் கரகரவென்ற ஓசையையே தரும். 'டிஜிட்டல்' என்று பெட்டியின் மேல் எழுதியிருப்பதால் அது எல்லா டிஜிட்டல் முறைகளையும் அறியும் என்று எண்ணுவது தவறு.

இவை யாவற்றுக்கும் மேலாக, மறையாக்கம் என்று ஒன்று உண்டு. உரியவரிடம் உள்ள திறவுகோல் இல்லாமல் எவரும் படிக்க முடியாதபடி எண்களைக் கலைத்து அனுப்புவதே மறையாக்கம் ஆகும். மறையாக்கம் செய்த பேச்சை எவ்வளவு விலையுயர்ந்த அலைதேடும் வானொலியும் ஒலிக்காது. இப்பொழுதுபோக்கின் தாயகமான அமெரிக்காவிலேயே இவ்வழக்கம் பரவி வருகிறது. நியூயார்க் மாநகரக் காவல்துறை 2023ஆம் ஆண்டில் தன் வானொலிப் பேச்சுகளை மறையாக்கத் தொடங்கியது.

வேற்று நாட்டுக்கெனச் செய்யப்பட்ட கருவி

அமெரிக்க டிஜிட்டல் ஸ்கேனர்களின் தனிச்சிறப்பு 'டிரங்கிங்' எனப்படும் பங்கீட்டு முறையைப் பின்தொடரும் திறமையாகும். பிரட்டுக்களத்தில் கங்காணியார் அன்றன்று ஆட்களைப் பார்த்து நிரைகளைப் பிரித்துக் கொடுப்பதை நாம் அறிவோம். பங்கீட்டு முறையிலும் அவ்வாறே ஒரு கட்டுப்பாட்டு அலைவரிசை இருந்துகொண்டு, பேச வருவோருக்கு அவ்வப்போது காலியாக உள்ள அலைவரிசையைப் பிரித்துக் கொடுக்கிறது. ஒரே உரையாடல் அடுத்தடுத்து வெவ்வேறு அலைவரிசைகளில் நிகழும். அதனைத் தவறவிடாமல் தொடர்ந்து செல்வதற்கே இக்கருவிகளின் விலையில் பெரும்பகுதி போகிறது.

அங்குள்ளவருக்கு அது பயன்படும். வசிக்கும் இடத்தைத் தெரிவித்ததும் அவ்வட்டாரத்து அலைவரிசைகளைத் தானாகவே எடுத்துக்கொள்ளும் பட்டியலும் சில கருவிகளில் உண்டு. ஆனால் அப்பட்டியல் அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளுக்கு உரியது. நம் நாட்டில் வழங்கும் டெட்ரா முறையை இக்கருவிகள் அறியா. சிற்றலை ஒலிபரப்பும் இவற்றில் வாராது, எஸ்.டி.எஸ். 100 கருவி 25 மெகாஹெர்ட்சுக்குக் கீழே செல்வதேயில்லை. டி.எம்.ஆர். முறை வேண்டுமானால் தனிக் கட்டணம் செலுத்தித் திறக்க வேண்டும். டி-ஸ்டார், ஃபியூஷன் முறைகள் அதில் இல்லை. ஆகவே, அங்கே சிறந்து விளங்கும் கருவி இங்கே ஊமையாகிவிடுவதற்குக் கருவியின் பழுது காரணமன்று. இடம் மாறியதே காரணம்.

சட்டம் கூறுவது என்ன?

வானில் வருவதெல்லாம் எல்லாருக்கும் உரியது என்று சிலர் எண்ணுகின்றனர். இது சரியன்று. மலேசியாவில் 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 234ஆம் பிரிவு, உரிய அதிகாரமின்றிப் பிறருடைய தொடர்புகளை இடைமறிப்பதையும், அவ்வாறு பெற்றதை வெளியிடுவதையும் குற்றமாக்குகிறது. காவல்துறையின் பேச்சையோ, ஒரு நிறுவனத்தாரின் பேச்சையோ ஒட்டுக்கேட்டு நண்பர்களுக்குக் கைப்பேசியில் அனுப்புவது விளையாட்டன்று. விமானிகளும் மாலுமிகளும் பேசுவதுகூடப் பொதுமக்களுக்கென அனுப்பப்படுவதன்று. அத்தகைய அலைவரிசைகளில் ஆர்வமுள்ளோர் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்திடம் விசாரித்துத் தெளிந்த பின்னரே அவற்றை நாட வேண்டும்.

மற்றோர் எச்சரிக்கையும் இங்கே தேவைப்படுகிறது. மலிவான வாக்கி-டாக்கிகளை 'ஸ்கேனர்' என்று சொல்லி விற்பதுண்டு. அவை கேட்கும் கருவிகள் மட்டுமல்ல. பேசும் கருவிகளும் ஆகும். உரிமம் பெறாதவர் அதன் பொத்தானை அழுத்திப் பேசினால் சட்டத்தை மீறியவராவார். அவசரப் பணியில் இருப்போரின் பேச்சையும் கெடுத்துவிடக்கூடும். பிள்ளைகள் நிறைந்த வீட்டில் இதனை எண்ணிப் பார்த்தல் நலம். கேட்பதற்கு மட்டுமே கருவி வேண்டுவோர், ஒலியலையை அனுப்பும் வசதி அறவே இல்லாத கருவியையே வாங்க வேண்டும்.

நாம் கேட்டு மகிழத்தக்கவை

அப்படியானால் நமக்கு எஞ்சியிருப்பது என்ன? மிகப்பல உண்டு.

முதலாவது, சிற்றலை ஒலிபரப்பு. இது பொதுமக்களுக்கென்றே அனுப்பப்படுவது. சிற்றலைகள் வானில் உயரத்தேயுள்ள மின்னணு மண்டலத்தில் பட்டுத் திரும்பி, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து வருவன. பொதுவாகப் பகலில் உயர்ந்த அலைவரிசைகளும், இரவில் 7 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைகளும் தொலைவிலிருந்து நன்கு வரும்.

இரண்டாவது, அமெச்சூர் வானொலி. ஆணையத்தின் தேர்வில் தேறி உரிமம் பெற்றவர்கள், ஊதியம் கருதாது, வானொலிக் கலையில் உள்ள ஆர்வத்தால் பேசிக்கொள்வது இது. நம் நாட்டில் 144 முதல் 148 மெகாஹெர்ட்ஸ் வரையிலும், 430 முதல் 440 மெகாஹெர்ட்ஸ் வரையிலும் இவர்களைக் கேட்கலாம். 9எம்2, 9டபிள்யூ2 என்று தொடங்கும் அழைப்புக் குறி தீபகற்ப மலேசியாவைக் குறிக்கும். அதே எழுத்துகளோடு 6 என்னும் எண் வந்தால் சபாவையும், 8 வந்தால் சரவாக்கையும் குறிக்கும். அமெச்சூர் வானொலியில் பேச்சை மறைத்து அனுப்பும் வழக்கமில்லை. எனவே கருவி அம்முறையை அறிந்ததாயின் பேச்சு தெளிவாகக் கேட்கும்.

இவர்களது பேச்சு வெறும் அரட்டையன்று. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை தாக்கியபோது, இந்தியாவின் அமெச்சூர் வானொலியாளர் பாரதி பிரசாத் தம் குழுவினருடன் அந்தமானின் போர்ட் பிளேரில் தங்கியிருந்தார். வழக்கமான தொடர்புகள் அறுந்துபோன நிலையில், அவர்கள் கொண்டு சென்றிருந்த சிற்றலைக் கருவியே அத்தீவுகளின் நிலையை வெளியுலகுக்கு எடுத்துரைத்தது. உற்றாரைத் தேடித் தவித்தவர்களுக்குச் செய்தி கிடைத்தது. அதே அலை அன்று பினாங்கு, கெடா கரைகளையும் தாக்கி உயிர்களைக் கொண்டுபோனதை நாம் மறக்க இயலாது. பொழுதுபோக்காகத் தொடங்கும் ஒரு கலை ஆபத்து வேளையில் எவ்வாறு உதவும் என்பதற்கு இது சான்று.

மூன்றாவது, விண்ணிலிருந்து வரும் ஒலி. அனைத்துலக விண்வெளி நிலையத்தில் அமெச்சூர் வானொலிக் கருவியொன்று உள்ளது. நம் நாட்டின் முதல் விண்வெளி வீரர் டாக்டர் ஷேக் முஸாஃபர் ஷுக்கோர் 2007ஆம் ஆண்டில் சென்று தங்கிய நிலையம் அதுவே. அது நம் தலைக்கு மேலே கடக்கும் பத்து நிமிட நேரத்தில், விண்வெளி வீரர்கள் பள்ளி மாணவருடன் பேசும் வேளையாயின், 145.800 மெகாஹெர்ட்சில் அவர்கள் குரலைக் கேட்கலாம். இதற்கு டிஜிட்டல் கருவி தேவையில்லை. நம் நாட்டின் முதல் நுண்செயற்கைக்கோளாகிய தியுங்சாட்-1, 2000ஆம் ஆண்டு செப்டம்பரில் ஏவப்பட்டபோது அதிலும் அமெச்சூர் வானொலிக் கருவி பொருத்தப்பட்டிருந்தது.

தேவைக்கேற்ற கருவி

இங்கே சில பெயர்களை எடுத்துக்காட்டாக மட்டுமே தருகிறோம். எந்த நிறுவனத்தையும் பரிந்துரைப்பது நம் நோக்கமன்று.

சிற்றலையில் ஆர்வமுள்ளவருக்கு ஸ்கேனர் வேண்டியதில்லை. சில நூறு வெள்ளிக்குள் கிடைக்கும் சிறிய சிற்றலை வானொலி போதும். டெக்சன் பி.எல். 330 அவ்வகையில் ஒன்று. அதில் 'எஸ்.எஸ்.பி.' என்னும் ஒற்றைப் பக்கப்பட்டை வசதி உள்ளதா என்று பார்த்தே வாங்க வேண்டும். சிற்றலையில் அமெச்சூர் வானொலியாளர்கள் அம்முறையில்தான் பேசுகின்றனர். அவ்வசதி இல்லாத பெட்டியில் அவர்கள் குரல் வாத்துக் கூட்டம் கத்துவது போலவே கேட்கும்.

வீட்டில் கணினி உள்ளவர்களுக்கு இன்னொரு வழியுண்டு. தொலைக்காட்சி பார்ப்பதற்காகச் செய்யப்பட்ட விரலளவுச் செருகியொன்றை, பல்வேறு அலைகளைக் கேட்கும் வானொலியாக மாற்றலாம் என்பது 2012ஆம் ஆண்டளவில் தெரியவந்தது. ஆர்.டி.எல். எனப்படும் இவ்வகைச் செருகி ஏறத்தாழ 24 முதல் 1,766 மெகாஹெர்ட்ஸ் வரை கேட்கும். அலைகள் கணினித் திரையில் கோடுகளாகத் தெரியும். டிஜிட்டல் குரலை மாற்றித் தரும் மென்பொருள்களும் உள்ளன. ஸ்கேனர் விலையில் சிறு பகுதியே இதற்குச் செலவாகும். பள்ளியில் பயிலும் பிள்ளைகளுக்கு இது அறிவியல் பாடமாகவும் அமையும்.

அமெச்சூர் வானொலியாளரின் டிஜிட்டல் பேச்சையும் கையடக்கமாகக் கேட்டே தீர வேண்டும் என்போர், கருவி அறிந்துள்ள முறைகளை ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். ஐகாம் ஆர்-30 டி-ஸ்டாரை அறியும், டி.எம்.ஆர். முறையை அறியாது. ஏ.ஓ.ஆர். டிவி-1 மேசைக் கருவி இரண்டையும் ஃபியூஷனையும் அறியும். ஆனால் விலை மிகுந்தது. தம் வட்டாரத்தில் எம்முறை வழங்குகிறது என்பதை உள்ளூர் அமெச்சூர் வானொலிச் சங்கத்தாரிடம் கேட்டறிவது முதற்கடமை.

பணம் செலவிடுவதற்கு முன்னரே இப்பொழுதுபோக்கு நமக்கு ஒத்துவருமா என்று பார்க்கவும் வழியுள்ளது. நெதர்லாந்தின் துவெந்தே பல்கலைக்கழகம் 2008ஆம் ஆண்டில் தொடங்கிய சிற்றலை வானொலியை, இணையத்தின் வழியாக எவரும் கட்டணமின்றித் தம் கைப்பேசியிலேயே திருப்பிக் கேட்கலாம். சில மாலைகள் அதில் செலவிட்டுப் பார்த்தால் ஆர்வம் நிலைக்குமா என்பது தெரிந்துவிடும்.

வான்கம்பியே பாதி வானொலி

விலையுயர்ந்த கருவியை வாங்கி மோசமான வான்கம்பியில் கேட்பதைவிட, எளிய கருவியை நல்ல வான்கம்பியில் கேட்பது சிறந்தது. லயன் வீடுகளின் தகரக் கூரை அலைகளைத் தடுத்துவிடும். வீட்டுக்குள் கேளாத ஒலி, வாசலுக்கு வந்ததும் தெளிவாகக் கேட்பதை நாம் காணலாம்.

வான்கம்பியின் நீளத்தைக் கணக்கிடுவது எளிது. 7,500 என்னும் எண்ணை மெகாஹெர்ட்சால் வகுத்தால், கால் அலை நீளம் சென்டிமீட்டரில் கிடைக்கும். 100 மெகாஹெர்ட்சுக்கு 75 சென்டிமீட்டர். 145 மெகாஹெர்ட்சுக்கு ஏறத்தாழ 52 சென்டிமீட்டர். நடைமுறையில் இதைவிடச் சற்றுக் குறைத்து வெட்டுவர். இந்நீளத்துக் கம்பியைச் செங்குத்தாக நிறுத்தி, அடியில் அதே நீளமுள்ள நான்கு கம்பிகளைச் சாய்வாகப் பரப்பினால் நல்ல வான்கம்பி ஆயிற்று. கேட்பதற்கு மட்டுமாயின் தொலைக்காட்சிக்கான கம்பிவடமே போதும்.

நூறு மெகாஹெர்ட்சுக்கு மேற்பட்ட அலைகள் பெரும்பாலும் கண்ணுக்கெட்டும் நேர்கோட்டிலேயே செல்வதால் உயரம் முக்கியம். கெடாவிலுள்ள குனோங் ஜெராய் 1,217 மீட்டர் உயரமுள்ளது. அதன் உச்சியிலிருந்து புறப்படும் அலையை, ஐந்து மீட்டர் உயரக் கம்பத்தில் நிற்கும் வான்கம்பி, இடையில் தடையில்லையானால், கணக்குப்படி 150 கிலோமீட்டர் தொலைவிலும் பெறலாம். குன்றின் மறைவில் உள்ள லயனில் பக்கத்து ஊர்ப் பேச்சும் கேளாது போகலாம்.

ஆனால் உயரம் ஆபத்தையும் அழைக்கும். இடி மின்னல் மிகுந்த நாடு நம்முடையது. வானம் கறுக்கத் தொடங்கியவுடன் வான்கம்பியைக் கருவியிலிருந்து கழற்றி வெளியே போட்டுவிட வேண்டும்; மழை தொடங்கிய பின்னர் அதனைத் தொடலாகாது. மின்கம்பத்தில் வான்கம்பியைக் கட்டுவது உயிருக்கே ஆபத்து. கம்பம் சாய்ந்து விழுந்தாலும் மின்கம்பியைத் தொடாத தூரத்தில்தான் அதனை நட வேண்டும். இதில் ஒருபோதும் அலட்சியம் கூடாது.

வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்விகள்

1. நான் கேட்க விரும்புவது எது? அது நான் கேட்க உரிமையுள்ளதா?
2. அந்த அலைவரிசை இக்கருவியின் எல்லைக்குள் உள்ளதா?
3. அங்கே வழங்கும் முறையை, பழைய முறையாயினும் டிஜிட்டல் முறையாயினும், கருவி அறியுமா? அதற்குத் தனிக் கட்டணம் உண்டா?
4. வெளி வான்கம்பியைச் செருகத் துளை உள்ளதா?
5. மின்கலம் நம் கடைத்தெருவில் கிடைக்கும் வகையா? செவிப்பொறி பொருத்தலாமா? விடியற்காலையில் எழ வேண்டிய அண்டை வீட்டாரின் தூக்கத்தைக் கெடுக்காமல் கேட்பதற்கு இது தேவை.
6. நம் நாட்டில் விற்பனைக்குச் சான்றளிக்கப்பட்டதற்கான முத்திரை உள்ளதா? பழுதானால் திருத்தித் தருவோர் உண்டா?
7. இதே ஒலியை இதைவிட மலிவான கருவியில் கேட்க இயலுமா?

இவ்வேழு கேள்விகளுக்கும் விடை கண்ட பின்னர் பலர் டிஜிட்டல் ஸ்கேனரை விட்டு எளிய கருவியையே தேர்ந்தெடுப்பர். மீதமாகும் பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு அமெச்சூர் வானொலித் தேர்வுக்குப் படிப்பார்களாயின் இன்னும் சிறப்பு. தேர்வில் தேறி உரிமம் பெற்றவர் பிறர் பேசக் கேட்பதோடு நில்லாமல், தம் அழைப்புக் குறியைச் சொல்லித் தாமும் உரிமையோடு பேசலாம். தோட்டத்து இளைஞர்கள் இவ்வழியை நாடுவார்களாக.